பெரிய துளி சின்னத் துளியை விழுங்கும் கதை

ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகளைக் கரண்டி நுனியால் சேர்த்துவிட்டால் பட்டென்று ஒன்றாகிவிடும். நம் கொழுப்பு செல்லுக்குள்ளும் இப்படித்தானே நடக்கும்? பெரும்பாலும் இல்லை.

முதலில் துளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னலின் சவ்வு இரண்டு அடுக்கு கொண்டது. அந்த அடுக்குகளுக்கு நடுவே டிரைகிளிசரைடு சேர்ந்து சேர்ந்து மொட்டு மாதிரி பிதுங்கும். அதுதான் துளி. வெளியே வரும்போது ஒற்றை அடுக்கு பாஸ்போலிப்பிட் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும். இந்தப் போர்வை இருப்பதால் துளிகள் சும்மா உரசினால் ஒட்டாது.

பிறகு எப்படி வளர்கின்றன? இங்கேதான் எஃப்எஸ்பி27 என்ற புரதம் வருகிறது. இரண்டு துளிகள் தொடும் இடத்தில் இது குவிந்து, கொழுப்பு கடந்துபோக வழி செய்கிறது. 2011இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பெங் லீ குழுவினர் இதைக் காட்டினார்கள். சரி, எந்தப் பக்கம் ஓடும்? சின்னத் துளிக்கு வளைவு அதிகம், அதனால் உள்ளழுத்தமும் அதிகம். ஆகவே சின்னதிலிருந்து பெரியதுக்குத்தான் ஓட்டம். சின்னது மெல்ல மெல்ல வற்றிப்போகும், பெரியது கொழுக்கும். கடைசியில் செல்லை அடைத்துக்கொண்டு ஒரே துளி.

இதில் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவுள்ள 1000 துளிகள் ஒன்றானால் ஆரம் 10 மடங்காகும். மொத்தப் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறையும். கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதிகள் வேலை செய்வது பரப்பில்தான். பரப்பு குறைந்தால் சரக்கு பத்திரம். உடனே எரித்துச் சூடு தர வேண்டிய பழுப்புக் கொழுப்பு செல்லில் நிறைய குட்டித் துளிகள் இருப்பதும் இதனால்தான்.

இந்த ஏற்பாடு பழுதானால்? இதே புரதத்துக்கான மரபணு இரண்டு பிரதிகளிலும் கெட்டுப்போன ஒரு நோயாளியைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவருடைய வெள்ளைக் கொழுப்பு செல்களில் ஒரே துளிக்குப் பதில் பல குட்டித் துளிகள். உடம்பில் கொழுப்பு குறைவு, ஆனால் சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு!

கொழுப்பு என்றாலே எதிரி என்கிறோம். அதைக் கசியாமல் பூட்டிவைக்க ஓர் இடம் இல்லாவிட்டால் அது கல்லீரலைத் தேடிப் போய்விடுகிறது. எவ்வளவு கொழுப்பு என்பதோடு, எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.