வயிறு சின்னதா இருக்கா? சும்மா இருக்காதீங்க!

கருவில் வளராத குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் டேப்

சென்னை,

"எங்க வம்சமே சின்ன உடம்புதாம்மா. எனக்கும் வயிறு தெரியல. ஏழாம் மாசம்கூட யாரும் நம்பல. புள்ள நல்லாத்தான் பொறந்துது!"

கர்ப்பிணி மருமகளோடு வரும் மாமியார்கள் நர்சிடம் சொல்லும் வழக்கமான பதில் இது. எழும்பூர் தாய்-சேய் ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, உங்கள் வட்டத்து மாநகராட்சி சுகாதார நிலையம் ஆனாலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

நர்சு வாதாடுவதில்லை. டேப்பை எடுக்கிறார். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதேமாதிரி டேப்தான்!

டேப் சொல்லும் கணக்கு

அடிவயிற்றின் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பில் இருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை அளக்கிறார்கள். 24 வாரத்துக்குப் பிறகு எத்தனை வாரமோ, ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 32 வாரம் என்றால் 32. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் பயமில்லை. 3 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தாலோ, போன தடவை அளந்த அளவிலேயே நின்றுவிட்டாலோ உடனே ஸ்கேனுக்குச் சீட்டு!

ஆனால் டேப்பும் சில நேரம் ஏமாறும். தாய் குண்டாக இருந்தாலும், வயிற்றில் இரட்டைக் குழந்தை இருந்தாலும் கணக்கு உதைக்கும். அதனால் டேப் கொடுப்பது துப்பு மட்டும்தான். தீர்ப்பு அல்ல.

தேதியில்தான் சிக்கல்

"கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கிட்ட?" என்று கேட்டால், "பொங்கலுக்கு முன்னாடி இருக்கும்" என்று இழுப்பவர்கள் உண்டு. தேதி தப்பினால் எல்லாமே தப்பு! 32 வாரம் என்று நினைத்தது உண்மையில் 28 வாரமாக இருந்தால், குழந்தை சரியாகத்தான் வளர்ந்திருக்கும். வீணாகப் பயப்பட வேண்டும். இதுவே மறுபக்கமாகத் தப்பினால், வளராத குழந்தையை "மாசம் கம்மி" என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்.

அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் கிடைக்கும் வாரக் கணக்கைத்தான் கடைசி வரை நம்பலாம்.

குற்றவாளி யார்?

ஸ்கேனில் குழந்தையின் தலைச்சுற்றளவு, வயிற்றுச்சுற்றளவு, தொடை எலும்பு மூன்றையும் அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். அதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், கடைசி 10 பேரில் வந்தால் சந்தேகம். கடைசி 3 பேரில் வந்தால் சந்தேகம் பலம்.

அதற்காகச் சின்னக் குழந்தை எல்லாம் நோயாளிக் குழந்தை அல்ல. பெற்றோர் மாதிரியே அளவாகப் பிறப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது "டாப்ளர்" சோதனை. தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் விதத்தை அது காட்டும். இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஓய்கிறபோதும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே நின்றால் ஆபத்து. திரும்பி ஓடினால் பேராபத்து!

பெரும்பாலும் குற்றவாளி நஞ்சுதான். அது சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தைக்குச் சாப்பாடும் போகாது, பிராணவாயுவும் போகாது. தாயின் ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை, வீட்டில் ஊதித்தள்ளும் பீடி, சிகரெட் புகை ஆகியவையும் உடந்தை.

டானிக் தீர்க்காது

"நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க டாக்டர், வளந்துடும்" என்று கேட்கிறார்கள். நஞ்சைச் சரிசெய்யும் மருந்து இன்னும் வரவில்லை. டாக்டர் செய்வது காவல் வேலை. அடிக்கடி ஸ்கேன், டாப்ளர், இதயத்துடிப்பு என்று பார்த்து, உள்ளே இருப்பது ஆபத்தா, வெளியே எடுப்பது ஆபத்தா என்று கணக்குப் போட்டு நாள் குறிக்கிறார்கள். மாதம் குறைவு என்றால் நுரையீரல் பக்குவப்பட முன்கூட்டியே தாய்க்கு ஊசி போடுகிறார்கள்.

இந்தக் காவல் இல்லாமல் போனால், குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகலாம்.

இடையில் குழந்தையின் அசைவு குறைந்தால், "தூங்குது, விடு" என்று சொல்லாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லையா? 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் அறையில் "ஆணா, பொண்ணா?" என்று கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்:

"போன தடவைக்கு இந்தத் தடவை புள்ள வளந்திருக்கா டாக்டர்?"