பாலைவனத்தில் குடித்தனம்!

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். "மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. ஜூன் மாதம் அழைத்துப் போகிறாராம். அந்த வெயிலில் என் பெண் எப்படித்தான் குடித்தனம் பண்ணப் போகிறாளோ!" என்று கவலைப்பட்டிருந்தார். நான் மன்னார்குடியில் பிறந்தவள். 2011-லிருந்து குவைத்தில், மங்காஃப் பகுதியில் குடியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கும், பெண்ணை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பப் போகும் மற்ற அம்மாக்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

வெயிலைப் பற்றிப் பூசி மெழுகப் போவதில்லை. 2016 ஜூலை 21-ம் தேதி குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம்ம கணக்கில் 129 டிகிரி! ஆசியாவிலேயே அதிகபட்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலூரில் 110 என்று பேப்பரில் வந்தாலே நாம் 'அம்மாடி' என்போம். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 115-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். நான் வந்து இறங்கியது ஒரு ஜூலை மாதம். விமான நிலைய வாசலைத் தாண்டியதும், நெல் அவிக்கும் கொப்பரையின் மூடியைத் திறந்து முகத்தைக் காட்டின மாதிரி இருந்தது. "ராத்திரி பதினொரு மணிக்கே இப்படியா?" என்று கேட்டேன். "இது குளிர்ந்துபோன நேரம்" என்றார் என் கணவர்!

ஆனால் அம்மா, அந்த வெயில் வெளியேதான் இருக்கிறது. நம் பெண்கள் இருக்கப் போவது வீட்டுக்குள். இருபத்து நாலு மணி நேரமும் ஏ.சி. ஓடும். ஜன்னலைத் திறக்கவே முடியாது. பகல் முழுக்கத் திரை போட்டு வைக்க வேண்டும். இந்தப் பூட்டிய வீட்டில் எப்படி இருப்பது என்பதைத்தான் உங்கள் மகள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். வெயிலுக்குப் பயப்படும் நாம் இதை யோசிப்பதே இல்லை.

குழாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த நாட்டில் ஓர் ஆறுகூடக் கிடையாது. கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்து எடுத்துத்தான் ஊருக்கே விநியோகம். (பாமணி ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவளுக்கு இதை ஜீரணிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று.) அந்தத் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியில் ஏறி, வெயிலில் கொதித்து, நம் குழாய்க்கு வரும். கோடையில் பகல் பதினொரு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும். குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதற்கு இங்கே எல்லோரும் செய்யும் வேடிக்கையான வைத்தியம் ஒன்று உண்டு. மே மாதம் பிறந்ததும் கீஸர் சுவிட்சை அணைத்துவிடுவோம். தொட்டித் தண்ணீர் கீஸருக்குள் வந்து நிற்கும். கீஸர் வீட்டுக்குள் இருப்பதால் ராத்திரி முழுக்க நின்று ஆறிவிடும். காலையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் இதமான தண்ணீர்! அதாவது, கோடையில் சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர். நாலு பேர் வரிசையாகக் குளித்தால் கடைசி ஆளுக்குக் கொதிநீர்தான். அதனால் முதல் நாள் இரவே இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏ.சி. அறையில் வியர்வை தெரியாது, தாகமும் தெரியாது. நம்ம ஊரில் வெயிலில் அலைந்தால் தொண்டை வறண்டு, நாமே பானையைத் தேடிப் போவோம். இங்கே காற்று உலர்ந்து கிடக்கும். உடம்பிலிருக்கும் நீர் நமக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். உதடு வெடிக்கும், சில பேருக்கு மூக்கில் ரத்தம்கூட வரும். அப்போதும் 'தண்ணி குடி' என்று உடம்பு சொல்லாது.

எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. கணவருக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. வந்து நாலாவது மாதம், இடுப்புக்குப் பக்கத்தில் வலி தாங்காமல் துடித்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். சிறுநீரகக் கல். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார். யோசித்துவிட்டு "மூணு டம்ளர் இருக்கும்" என்றாள். நல்லவேளை, சின்னக் கல். மருந்திலும் தண்ணீரிலுமே கரை சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு, படுப்பதற்குள் இரண்டு முறை காலி செய்கிறாள். (இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவுதான் குடிக்க வேண்டும்.) சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதைப் பெண்ணிடம் வெட்கப்படாமல் சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொல்ல வந்தது கல்லைப் பற்றி மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரம், ஒரு சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ரசம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து "வாங்கக்கா" என்றாள். குரல் கட்டின மாதிரி இருந்தது. "என்னம்மா, சளியா?" என்றேன். "இல்லக்கா, காலையில அவுக போனதுல இருந்து இப்பத்தான் வாயத் தொறந்து பேசுறேன்" என்றாள்.

எனக்கு ரசக் கிண்ணம் கையிலேயே நின்றுவிட்டது. ஊரில் அவள் வீடு தெருவோடு ஒட்டின வீடு. பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு ஆச்சி என்று பொழுது விடிந்தால் பத்து பேரிடம் பேசி வளர்ந்தவள். இங்கே கதவைச் சாத்தினால் ஏ.சி. சத்தம் மட்டும்தான். "அம்மாகிட்ட பேசலையா?" என்று கேட்டேன். தினமும் பேசுகிறாளாம். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்பார். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பாளாம். வீடியோவில் சிரித்த முகம்தானே தெரியும்! குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வீடு திரும்பி, நாலு வார்த்தை பேச நேரம் கிடைக்கும்போது ஊரில் பதினொரு மணி ஆகி, அம்மா தூங்கிப் போயிருப்பார்.

கடிதம் எழுதிய அம்மா, நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சே? யார்கிட்டே பேசினே?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் பதில் வரவில்லை என்றால் மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குவைத்தில் சுமார் பத்து லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். மங்காஃப், ஃபஹாஹீல், சால்மியா, அப்பாஸியா என்று எங்கே போனாலும் தமிழ்க் குரல் கேட்கும். புதிதாக வருகிறவளுக்கு முதல் இரண்டு கதவைத் தட்டிக் காட்டுவது கணவரின் வேலை. வெட்கப்படும் பெண் தானாகத் தட்ட மாட்டாள்.

அந்தப் பெண்ணை வைத்துத்தான் எங்கள் 'வராந்தா சபை' ஆரம்பித்தது. மூன்றாவது மாடி வராந்தாவில், லிஃப்ட் எதிரே ஒரு பாய். மாலை நாலரை மணிக்கு அவரவர் வீட்டுக் காயைக் கொண்டுவந்து உட்கார்ந்து நறுக்குவோம். நாங்கள் நாலு தமிழ்ப் பெண்கள், ஒரு கேரளத்துச் சேச்சி, ஓர் எகிப்து நாட்டு அம்மாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அரபி அரைகுறை. ஆனால் கத்தரிக்காய் விலை ஏறினதைப் பற்றிப் பேச எந்த மொழியும் வேண்டியதில்லை! ஜூலையில் இரவு எட்டு மணிக்கும் அனல் அடங்காது. அதனால் அந்த மூன்று மாதமும் பெரிய கடைகளுக்குள்ளேயே நடை. அக்டோபர் வந்துவிட்டால் கடற்கரைதான்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில், ரத்தப் பரிசோதனை செய்தால் முக்கால்வாசிப் பேருக்கு வெயிலில் கிடைக்கும் 'டி' வைட்டமின் குறைவு என்று வருகிறது! கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அதற்கு உதவாதாம். முட்டி வலி, உடம்பு வலி என்று படுத்திருக்கும் பெண்கள் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் காலை வெயிலில் பால்கனியில் அரை மணி நேரம் உட்கார்ந்து கீரை ஆயலாம். நம்ம பருப்புக்கீரையே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பெயர்தான் வேறு.

வெளி வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை தொழிலாளர்களை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். இல்லத்தரசிகளும் அந்தச் சட்டத்தைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிடக் கண்டிப்பான ஒன்று: காரில் குழந்தையை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. "கடையில ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன், தூங்கறான், எழுப்ப வேண்டாம்" என்ற பேச்சே கூடாது. பூட்டிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். அவசர உதவிக்கு எண் 112.

புழுதிக் காற்றையும் சொல்ல வேண்டும். இங்கே 'தோஸ்' என்பார்கள். வானம் செம்மண் நிறமாகிவிடும். 2022 மே மாதம் அடித்த காற்றில் விமானப் போக்குவரத்தையே சில மணி நேரம் நிறுத்தினார்கள். எவ்வளவு சாத்தினாலும் மாவு மாதிரி தூசி உள்ளே வரும். ஈரத் துண்டை ஜன்னல் இடுக்கில் சுருட்டி வைக்க வேண்டும். அடங்கிய பிறகு ஏ.சி. வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஆஸ்துமா உள்ள வீட்டில் இன்ஹேலர் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

சமையலில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. பக்கத்து 'பக்காலா'விலேயே (மளிகைக் கடையை இப்படித்தான் சொல்வோம்) இட்லி அரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. 'லபன்' என்று பாட்டிலில் மோர் விற்கும். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டால் நம்ம நீர்மோர்தான். பெரும்பாலும் சமையலறையில் ஏ.சி. இருக்காது. அதனால் காலை ஏழு மணிக்குள் குழம்பு, பொரியல் முடித்துவிட வேண்டும். ஜூலையில் இட்லி மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி மேடையெல்லாம் வழியும். ஜனவரியில் அதே மாவு மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கும். அப்போது அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் பொங்கும்.

வெள்ளியும் சனியும் விடுமுறை; ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் உண்டு! இது பழக ஒரு மாதம் ஆகும். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் சட்டப்படி குற்றம். எந்த மதத்தவரானாலும் அப்படித்தான். வீட்டுக்குள் தடை இல்லை.

ஆகஸ்டு பிறந்தால் காற்றில் ஈரம் சேர்ந்து, கண்ணாடி ஜன்னல் வெளிப்புறம் வியர்க்கும். அதுதான் கடைசிச் சோதனை. அப்புறம் எல்லோரும் 'சுஹைல்' நட்சத்திரத்துக்குக் காத்திருப்பார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், விடிவதற்கு முன் தெற்கு வானத்தில் தாழ்வாகத் தெரியும். அது தெரிந்தால் வெயில் இறங்கத் தொடங்கும் என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. அது வேறொன்றும் இல்லை, நம்ம அகத்திய நட்சத்திரம்! எகிப்து அம்மாளிடம் இதைச் சொல்லப் பட்ட பாட்டில், அகத்தியர் குள்ளமானவர் என்பதுவரை நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

பெட்டி கட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். மசாலாப் பொட்டலத்தில் கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வளைகுடா நாடுகளில் அதைப் போதைப்பொருளாகவே பார்ப்பார்கள். குருமாவுக்கு முந்திரி போதும். மாத்திரைகள் என்றால் டாக்டர் சீட்டோடு, கடை அட்டையிலேயே இருக்க வேண்டும். தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை போன்றவற்றை முன்கூட்டியே விசாரிக்காமல் எடுத்து வரக் கூடாது. ஒரு ஸ்வெட்டர் வையுங்கள். சிரிக்காதீர்கள், ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும்.

மாப்பிள்ளை வீடு மங்காஃப் பக்கம் என்றால் எங்கள் வராந்தாவில் உங்கள் மகளுக்கு இடம் உண்டு. அரிவாள்மனை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கிறது.

- மன்னார்குடி வாசகி, மங்காஃப், குவைத்.