பரிசோதித்தது எத்தனை? குணமானது எத்தனை?

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ள சிறார்களுக்குப் பலவகைக் குறைபாடுகள் பரிசோதிக்கப்படுகின்றன. பல் சொத்தையும் அவற்றுள் ஒன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்.

இதற்கான பணம் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியே வருகிறது. நம் மாநிலத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. மாநில அரசின் பங்கு 40 விழுக்காடு. செலவைத் தணிக்கை செய்பவர் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலே பல் குணமாகிவிடாது. சிங்கவரத்துக் குழந்தை ஒன்றுக்குப் பரிந்துரைச் சீட்டு கிடைக்கிறது என்று கொள்வோம். செஞ்சியில் முடியாத சிகிச்சைக்கு விழுப்புரம் வரை செல்ல வேண்டும். கூலிவேலை பார்க்கும் பெற்றோருக்கு அது ஒருநாள் வருமானம். சீட்டு புத்தகப்பையிலேயே தங்கிவிடும். பட்டியலிலோ அந்தக் குழந்தை 'பரிசோதிக்கப்பட்டவர்' எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

இந்த இடைவெளியை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியரே. பரிந்துரைத்த நாள், மருத்துவமனைக்குச் சென்ற நாள், சிகிச்சை முடிந்த நாள் என மூன்று கட்டங்களை ஒரு பதிவேட்டில் வரையலாம். மூன்றாம் கட்டம் காலியாக உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். அடுத்த முறை வரும் மருத்துவக் குழுவிடமும் அதே பதிவேட்டைக் காட்டலாம். நிதி குழந்தையைச் சென்றடைந்ததா என்பதற்கு அந்த மூன்றாம் கட்டமே சான்று.