வீட்டு மனையில் சந்தன மரம்... வெட்டலாமா?

திருப்பத்தூரை ஒட்டிய ஊரிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார்.

'மாமனார் காலத்துக் கொல்லை இப்போது டவுனோடு சேர்ந்துவிட்டது. சுற்றிலும் பிளாட். எங்கள் பங்குக்கு வந்த மூன்று சென்ட்டில் வீடு கட்டப்போகிறோம். அஸ்திவாரம் வரும் இடத்தில் ஒரு சந்தன மரம் நிற்கிறது. யாரும் வைத்ததில்லை. "ராவோடு ராவா வெட்டிப் போட்டுடு, வெளியே தெரிஞ்சா கேஸாயிடும்" என்கிறார் பக்கத்து மனைக்காரர். இன்னொருவர் இருபதாயிரம் தருகிறேன், நானே தோண்டி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். என்ன செய்வது?'

முதலில் இரண்டு பேரையும் திருப்பி அனுப்புங்கள் அம்மா. கேஸ் வருவதே வெட்டினால்தான். மரம் நிற்பதில் ஒரு குற்றமும் இல்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் சந்தனம் ராஜ மரம். அதன்பிறகும் வெகுகாலம், நம் நிலத்தில் முளைத்தாலும் மரம் சர்க்காருக்கு. திருட்டுப் போனால் பதில் சொல்வது மட்டும் நாம். அதனால்தான் பெரியவர்கள் கன்றைப் பார்த்தவுடனே பிடுங்கி எறிந்தார்கள். தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தன மரங்களுக்கென்று 2008-ல் தனி விதிகளும் வந்தன. இன்று உங்கள் பட்டாவில் நிற்கும் மரம் உங்களுடையதுதான். ஆனால், கோடாரி உங்களுடையது அல்ல. வெட்டுவது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாம் வனத்துறை வழியாகத்தான். அனுமதி இல்லாமல் வெட்டினால் சிறை வரை போகும். வெட்டிய கட்டையை வாங்கி வைத்திருப்பவரும் சிக்குவார். இருபதாயிரம் தருகிறேன் என்றவர் போய்விடுவார், குழி உங்கள் மனையில் இருக்கும்!

மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதி, பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் சேர்த்துக் கொடுங்கள். ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அவர்கள் வந்து பார்த்து, அளந்து, அனுமதி ஆனபின் மரத்தை வேரோடு தோண்டி எடுத்து டிப்போவுக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவார்கள். திருப்பத்தூரிலேயே சந்தன டிப்போ இருக்கிறது. செலவு கழித்து மீதி உங்களுக்கு. இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலையில்லை. மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மனு போகட்டும்.

இன்னொரு விஷயம். பாகம் பிரித்தது வாய்ப்பேச்சில்தான், பட்டா இன்னும் மாமனார் பெயரில் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான சிக்கல் அதுதான். மரப்பணம் யாருக்கு என்ற கேள்வி அங்கேதான் நிற்கும். பாகப்பிரிவினையைப் பதிவு செய்து பட்டா மாற்றிய பிறகு மனு கொடுத்தால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வராது.

மரம் தொடை கனம் என்கிறீர்கள். சந்தனத்தில் விலை வைரத்துக்குத்தான். வெளியே இருக்கும் வெள்ளைக்கட்டைக்கு மணமும் இல்லை, மதிப்பும் இல்லை. வைரம் பாயத் தொடங்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதன்பிறகும் மெதுவாகத்தான் ஏறும். இப்போது எடுத்தால் கிடைப்பது சொற்பமாக இருக்கலாம். பெயர்த்து வேறிடத்தில் நடலாமே என்று கேட்பீர்கள். பறவை எச்சத்தில் முளைக்கும் இந்த மரம், பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளர்கிறது. அந்தப் பிடி அறுந்தால் பிழைப்பது அரிது. அதே காரணத்தால், மரத்தை விட்டுவிட்டு அதை ஒட்டியுள்ள புங்கனையும் துவரையையும் வெட்டிச் சிமென்ட் போட்டாலும் வாடிவிடும்.

எனக்குத் தோன்றுவது, வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். மூன்று சென்ட்டில் கஷ்டம்தான். மாடிப்படியை இடம் மாற்றினால் சில அடி கிடைக்கும். மரத்தை வைத்துக்கொள்வதானால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். என்றைக்காவது ராத்திரியில் யாராவது அறுத்துக்கொண்டு போனால், விடிந்ததும் காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும்.