மூச்சு வழி குறுகிய குழந்தைக்கு மயக்க மருந்து

வாழப்பாடியில் ஒரு குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றால், "சின்ன ஆபரேஷன்தானே, இங்கேயே முடித்துவிடலாமே" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மயக்க மருந்து டாக்டர் பார்ப்பது வயிற்றை அல்ல; தாடை, நாக்கு, கழுத்து. அங்கே சந்தேகம் வந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்.

மியூகோபாலிசாக்கரைடோசிஸ் என்ற அரிய பிறவி நோயில், உடல் உடைத்துக் கழிக்க வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகள் திசுக்களில் தேங்கிவிடும். நாக்கு தடிக்கும், டான்சில் பெருக்கும், கழுத்து இறுகும். நோயின் பெயர் தெரியும் முன்பே குடலிறக்கத்துக்காக ஆபரேஷன் மேசைக்கு வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இதன் பெரும்பாலான வகைகள் உண்டாகும். அக்காள் மகளைக் கட்டும் வழக்கமிருந்த நம் பக்கத்தில் இதை மறக்கக் கூடாது.

1923இல் பிரான்சின் பியர் ராபின் விவரித்த குறைபாடு வேறு மாதிரி. தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தாடை வளர வளர இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் போடுவது பெரும்பாலும் எளிதாகும். முந்தைய நோயிலோ வயது ஏற ஏறக் கடினமாகும்.

மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கைக்குழந்தை, கிலோ கணக்கில் பார்த்தால், பெரியவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது; அதனால் மூச்சு நின்றால் அவகாசம் மிகக் குறைவு. 4 மில்லிமீட்டர் அகலப் பாதையில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், திறப்பில் கால் பங்குதான் மிஞ்சும். திரும்பத் திரும்பக் குழாய் நுழைக்கப் பார்ப்பதே வீக்கத்தைக் கொண்டுவரும்.

அதனால் பல நேரங்களில் குழந்தையின் சொந்த மூச்சை நிறுத்தாமலே, முகமூடி வழியாக வாயு கொடுத்து மயக்குவார்கள். ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் உருவாக்கிய குரல்வளை முகமூடியைத் தொண்டையில் அமர்த்தி, அதனூடே வளையும் கேமராக் குழலைச் செலுத்துவதும் உண்டு. கழுத்தில் துளையிட வேண்டி வந்தால் என்று காது மூக்கு தொண்டை நிபுணர் பக்கத்திலேயே நிற்பார்.

பெரியவர்களுக்கு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 1985இல் டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி எழுதியது. கைக்குழந்தை அதற்கு ஒத்துழைக்காது. தாய் சொல்வதுதான் துப்பு: குறட்டை விடுகிறதா, குப்புறப் படுத்தால்தான் தூங்குகிறதா, பால் குடிக்கையில் திணறுகிறதா. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் எந்த அளவுக் குழாய், எந்தக் கருவி, எத்தனையாவது முயற்சியில் உள்ளே போனது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஊரில், அடுத்த ஆபரேஷனில், புதிய டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.