ஒளியிழைத் தொடர்பைச் சோதிக்கும் முறை

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கேபிள், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயரையும், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய வேறு ஏழு இடங்களையும் எட்டுகிறது.

தீவிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணிப்பொறி விடையளிக்காது நின்றுவிட்டால், கடலடிக் கேபிள் அறுந்ததென எண்ணுவது இயல்பே. ஆனால் பழுது அதே அறைக்குள்ளும் இருக்கக்கூடும். பெரிய அலுவலகங்களில் யூனிக்ஸ் சர்வருக்கும் தகவல்களைச் சேமிக்கும் வட்டுத் தொகுதிக்கும் இடையே ஒளியிழை ஓடுவதுண்டு. சர்வரில் அவ்விழை வந்து பொருந்தும் உறுப்பே ஃபைபர் சானல் அடாப்டர் ஆகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். அடாப்டர் இருப்பது வேறு. தொடர்பு இருப்பது வேறு. ஏ.ஐ.எக்ஸ். என்னும் யூனிக்ஸ் முறையில், இழையைக் கழற்றிவிட்டாலும் சாதனப் பட்டியல் அடாப்டரை 'அவெய்லபிள்' என்றே காட்டும். ஆகவே எஃப்.சி.ஸ்டாட் என்னும் கட்டளையால் 'லிங்க் அப்' அல்லது 'லிங்க் டவுன்' என்னும் நிலையை அறிதல் வேண்டும். லினக்ஸில் 'போர்ட் ஸ்டேட்' என்னும் கோப்பு 'ஆன்லைன்' அல்லது 'லிங்க்டவுன்' எனத் தெரிவிக்கும்.

தொடர்பு இல்லையெனில், இழை நன்கு பொருந்தியுள்ளதா, அனுப்பும் இழையும் பெறும் இழையும் இடம் மாறியுள்ளனவா என நோக்குக. அறைக்குள் பயன்படும் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதி பெரும்பாலும் 50 மைக்ரான் அகலமே உடையது. சிறு தூசியும் அதனை மறைத்துவிடும். பயன்படாத முனைகளை மூடியிட்டு வைத்தல் நன்று. இழையின் முனையை ஒருபோதும் கண்ணால் உற்றுநோக்கலாகாது. அதில் வரும் ஒளி கட்புலனாகாதது. எனினும் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்க வல்லது.

அலுவலகத்துக்கு வெளியே செல்லும் நீண்ட இழைகளை எதிரொளியால் சோதிப்பர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அனுப்பிய ஒளித்துடிப்பு 100 மைக்ரோ வினாடியில் திரும்பினால், முறிவு சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதெனக் கணக்கிடலாம். மாணவர்க்கு இதனை மலையில் எதிரொலிக்கும் குரலைக் கொண்டு விளக்கலாம்.

ஆழ்கடலில் கேபிளைப் பழுதுபார்க்கத் தனிக் கப்பல் வரவேண்டும். அடாப்டரின் நிலையை அறியவோ ஒரு கட்டளை போதும். ஆதலின் அருகிலுள்ளதை முதலில் சோதித்து, கண்ட நிலையையும் நேரத்தையும் குறித்து மேலிடத்திற்கு அறிவித்தலே முறையாகும்.