வேலையின்மைக் கணக்கில் நம் தெரு

இலக்கிய மேடையில் புள்ளிவிவரம் எதற்கு என்று கேட்கலாம். நம் கதைகளில் வரும் மனிதர்கள் அரசாங்கக் கணக்கேட்டில் எந்தப் பத்தியில் ஏறுகிறார்கள் என்று பார்ப்பதும் வாசிப்புத்தான்.

இந்தியாவின் வேலையின்மை விகிதம் 2017-18இல் 6.1 விழுக்காடு, 2023-24இல் 3.2 விழுக்காடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவோரை அறிந்த நமக்கு இது பிடிபடாது. எண்ணைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிது. அது எந்தக் கேள்விக்கு விடை என்று பார்ப்பதே பயன்.

வேலையில்லாதவர் என்று பெயர் பெற இரண்டு தகுதி வேண்டும். வேலை இருக்கக்கூடாது, வேலை தேட வேண்டும், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்க வேண்டும். வேலையில் இருப்போரையும் இவர்களையும் சேர்த்தால் தொழிலாளர் படை. அதில் இவர்களின் பங்குதான் விகிதம். ஒரு தெருவில் 54 பேர் வேலை செய்கிறார்கள், 6 பேர் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 10 விழுக்காடு. அந்த ஆறில் நான்கு பேர் அலுத்துப்போய் வீட்டோடு இருந்துவிட்டால் 56 பேரில் 2 பேர், விகிதம் 3.6 விழுக்காடு. புதிதாக ஒரு வேலையும் பிறக்கவில்லை. பட்டம் படித்துவிட்டு, இனிக் கிடைக்காது என்று அடுப்படியில் நிற்கும் நம் பெண் ‘வீட்டு வேலை’ என்ற பத்தியில் ஏறி, கணக்கை விட்டே வெளியேறிவிடுகிறாள்.

வேலை என்பதற்கு வைத்திருக்கும் அளவு இன்னும் தாராளம். ‘வழக்கமான நிலை’க் கணக்கில், ஆண்டின் பெரும்பகுதி வேலை இல்லாவிட்டாலும், துணைத் தொழிலாக 30 நாள் செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். நூறு நாள் வேலையில் முப்பது நாள் மண் வெட்டிய அம்மாவும் அதில் அடக்கம். ‘வார நிலை’யில் கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்திருந்தால் போதும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு காலைப்பொழுது தக்காளி பறித்தவருக்கு அந்த வாரம் முழுக்க வேலை இருந்ததாகப் பொருள். கூலியே வாங்காமல் குடும்பத் தொழிலில் உதவுகிறவருக்கும் 21 என்று குறியீட்டெண் உண்டு. அவரும் வேலையில் இருப்பவரே. முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மாதிரிக் கணக்கெடுப்புகளில் அரை நாள், முழு நாள் என்று எண்ணும் ‘நாள் நிலை’ விகிதம் முதன்மையாகப் பேசப்பட்டது. கூலிக்காரர் வாழ்வுக்கு நெருக்கமானது அதுதான் என்பது நம் எண்ணம்.

நிலமில்லாதவர் வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இரண்டு நாள் அடுப்பு எரியாவிட்டால் எந்தக் கூலிக்கும் போவார். அதனால்தான் படித்தவரிடம் வேலையின்மை விகிதம் கூடுதலாகவும், எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் மிகக் குறைவாகவும் தெரிகிறது. ஏழ்மை அளவுகோலுக்குள் ‘வேலை’யாக மாறிவிடுகிறது.

தருமபுரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் தங்குவோர் இங்குள்ள வீட்டின் உறுப்பினராக எண்ணப்படுவதில்லை. பெங்களூரில் சாரம் கட்டுகிறவரும் திருப்பூரில் தைக்கிறவரும் நம் மாவட்டக் கணக்கில் இல்லை. இங்கே வேலை இருந்திருந்தால் போயிருப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வெளியூர்க் கூலிக்கு வேறொரு பொருளும் இருந்தது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் எரிக்கப்பட்ட வீடுகளில் பல, பெங்களூர் முதலான ஊர்களில் உழைத்த பணத்தில் எழுந்தவை. உள்ளூர் நிலக்காரரை நம்பாமல் பிழைத்ததன் அடையாளங்கள். யாரிடம் வேலை செய்கிறோம் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. விகிதத்தில் அதற்கு இடமில்லை.

தொழில் மாற விடாத சாதி, வேலையின்மைக்கு நேரடிக் காரணம் என்று அம்பேத்கர் 1936லேயே, ‘சாதியை அழித்தொழித்த’லில் வாதிட்டார். (அதுவும் மேடையேறாமல் அச்சான சொற்பொழிவுதான்.) வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான அமைப்பு 1945இல் உருவானபோது வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவரும் அவரே. அந்த அலுவலகப் பதிவேட்டை வேலையின்மைக் கணக்காகக் கொள்ள முடியாது. வேலை கிடைத்தவரும் பதிவு மூப்புக்காகப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். கூலிக்காரரோ பதிவதே அரிது.

2025 ஜனவரி முதல் காலமுறைக் கணக்கெடுப்பின் மாதிரி, மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படுகிறது. தருமபுரிக்கென்று ஓர் எண் வந்தால், அது எந்த நிலையின் எண், பட்டியல் சாதியினருக்குத் தனியே உண்டா என்று கேட்டாக வேண்டும். பெரிய கிராமங்களைப் பகுதிகளாகப் பிரித்துச் சிலவற்றை மட்டுமே எடுப்பார்கள். அதில் காலனி விழுந்ததா, ஊர்த்தெருவோடு முடிந்ததா என்பதும் முக்கியம். அதுவரை மன்றத்து நண்பர்கள் ஒரு காலனியையாவது எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகலாம். மாதத்தில் எத்தனை நாள் வேலை, எந்த ஊரில், யாரிடம், கூலி கைக்கு வந்ததா? நான்கு பத்தி போட்டு எழுத ஒரு பள்ளி நோட்டுப் போதும்.